ஒரே கள்ளு, இரண்டு மரியாதை

போன விடுமுறையில் நாங்கள் நாலுபேர் கொழும்பில் ஒரு கொக்டெயில் பாருக்குப் போனோம். மஹாபொல காசை நம்பிப் போகிற இடமில்லை அது. எங்களில் ஒருவனின் அண்ணா வெளிநாட்டிலிருந்து வந்திருந்தார். "வாங்க, ஒருநாள் நல்ல இடத்தில் சாப்பிடுவம்" என்று கூட்டிக்கொண்டு போனவர் அவர்தான். இரண்டு ஆண்கள், இரண்டு பெண்கள். நாலுபேருக்கும் சட்டம் கேட்கிற 21 வயது தாண்டிவிட்டது.

மெனுவைப் பார்த்ததும் எங்களுக்குச் சிரிப்புத்தான் வந்தது. சாராயத்தோடு புளியும் ரம்பையும். ஜின்னோடு கறிவேப்பிலை. சீனிக்குப் பதிலாகக் கித்துள் பாணி. கொறிக்கிறதுக்கு வறுத்த பலாக்கொட்டை. உள்ளங்கையை விடச் சின்னத் தோசையில் நண்டு இறைச்சி, அதுக்கு மேல் கருவாட்டுத் தூள். எங்கட அம்மாமாரின் குசினியை யாரோ ஆங்கிலத்தில் எழுதி வைத்த மாதிரி இருந்தது. ஒரு கிளாஸ் 3,500 ரூபாய்க்கு மேல். வரியும் சேவைக் கட்டணமும் வேறு.

உண்மையைச் சொன்னால், நல்லா இருந்தது. புளியும் சாராயமும் சேர்ந்த கிளாஸின் விளிம்பில் உப்பும் மிளகாய்த்தூளும் தடவியிருந்தார்கள். பள்ளிக்கூட வாசலில் மாங்காய்த் துண்டுக்கு உப்புத்தூள் தொட்டுத் தின்ற அதே ருசி முதலில் வந்தது, பிறகுதான் சாராயம் தொண்டையில் இறங்கியது. கருவாட்டுத் தூள் நண்டின் இனிப்பை நல்லா எடுத்துக் காட்டியது. விடுதியில் கருவாடு பொரித்தால் பக்கத்து அறைக்காரர் மூக்கைப் பொத்துவார்கள். இங்கே அதே கருவாட்டைப் படம் எடுத்து இன்ஸ்டகிராமில் போடுகிறார்கள். நாங்களும் போட்டோம்.

அப்போதுதான் மெனுவின் கடைசிப் பக்கத்தில் கள்ளுச் சேர்த்த ஒரு கொக்டெயிலைக் கண்டோம். கையால் சீவி இறக்கிய கள்ளு, பாரம்பரியக் கைவினை என்றெல்லாம் அதற்குக் கீழே நாலு வரி. எங்களோடு வந்தவளில் ஒருத்தி அதைத் திரும்பத் திரும்ப வாசித்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "எங்கட அம்மப்பா இந்த வேலைதான் செய்தவர்."

மூன்று வருசமாக ஒன்றாகப் படிக்கிறோம். அவள் இதை ஒருநாளும் எங்களிடம் சொன்னதில்லை. பள்ளிக்கூடத்தில் அந்தத் தொழிலை வைத்தே அவளுக்குப் பட்டப்பெயர் இருந்ததாம். அக்காவுக்குக் கலியாணம் பேசி வந்த ஒரு குடும்பம், அம்மப்பா என்ன வேலை செய்தவர் என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் போனதாம். அதனால் அம்மா பிள்ளைகளுக்குச் சொல்லி வைத்தாவாம்: "ஆரும் கேட்டா தோட்டம் செய்தவர் எண்டு சொல்லுங்க."

வாவிக்கரை ஊர்களில் வளர்ந்த எங்களுக்கு இது புதுக்கதை இல்லை. சீவல் தொழில் செய்கிற ஆட்களின் கள்ளைக் குடிப்பார்கள், அவர்களின் வீட்டில் தண்ணி குடிக்க மாட்டார்கள். அந்தத் தொழிலில் எவ்வளவு அறிவு இருக்கு என்று ஒருவரும் கேட்டதில்லை. பாளை விரிய முன்னம் அதைக் கட்டி, பக்குவமாகத் தட்டி, நுனியை மெல்லிசாகச் சீவி, முட்டி கட்ட வேணும். காலையும் மாலையும் மரம் ஏற வேணும். ஒருநாள் ஏறாவிட்டால் பாளை காய்ந்துபோகும். முட்டிக்குள் சுண்ணாம்பு தடவினால் புளிக்காத கருப்பணி. தடவாவிட்டால் சில மணித்தியாலத்திலேயே புளித்துக் கள்ளு. அதையும் அதிகநேரம் விட்டால் வினாகிரி. களுத்துறைப் பக்கத் தென்னந்தோப்புகளில் மரத்துக்கு மரம் கயிறு கட்டி, நிலத்தில் இறங்காமலே நடந்து கள்ளு எடுக்கிறார்கள். கயிறு அறுந்தால் உயிர் போகும்.

அந்தக் கள்ளை வடித்துத்தான் தென்னஞ் சாராயம் எடுக்கிறார்கள். அதை ஊறவைக்கிற பீப்பாவுக்குப் பெயர்போனது ஹல்மில்ல மரம். ஆங்கிலேயர் அதைத் 'திருகோணமலை மரம்' என்றே அழைத்தார்கள். அதாவது, கொழும்புக் கிளாஸுக்குள் கிழக்கின் வாசமும் கொஞ்சம் கிடக்கு.

கறிவேப்பிலை ஜின்னுக்கும் ஒரு கதை இருக்கு. இரண்டாம் உலகப்போர் காலத்தில் ஜின்னுக்கு வேண்டிய சரக்குகள் ஐரோப்பாவிலிருந்து ஒழுங்காக வரவில்லை. அந்தத் தட்டுப்பாட்டில் ரொக்லண்ட் நிறுவனம் கறுவா, இஞ்சி, மல்லி, கறிவேப்பிலை போட்டு உள்ளூரிலேயே ஜின் வடித்தது. அதே நிறுவனம் அந்த வழியில் செய்கிற ஜின்தான் 'கொழும்பு நம்பர் 7'. தட்டுப்பாட்டில் பிறந்த சமையல் இப்போது ஆடம்பரம்.

இதில் எங்களுக்குக் கோபம் இல்லை. தெற்கில் ஹிரிக்கெட்டியவில் இருக்கிற 'ஸ்மோக் அண்ட் பிட்டர்ஸ்' ஆசியாவின் சிறந்த 50 பார்களின் பட்டியலில் இடம்பிடித்தபோது சந்தோசப்பட்டவர்கள்தான் நாங்கள். எங்கட புளியும் எங்கட சாராயமும் வெளிநாட்டு விஸ்கிக்குச் சமமாக மேசைக்கு வருவது நல்ல விசயம். எங்கட கேள்வி வேறு. பொருள் மேலே ஏறிவிட்டது. அதைச் செய்தவர் ஏன் இன்னும் கீழே நிற்கிறார்?

அந்த மெனுவில் கொக்டெயிலைக் கலக்கினவரின் பெயர் இருந்தது. பிராண்டின் பெயர் இருந்தது. கள்ளுச் சீவினவருக்குப் பெயரும் இல்லை, ஊரும் இல்லை, 'கைவினைஞர்' என்று ஒரு சொல் மட்டும். அந்தச் சொல்லைக் கேட்டு ஒருவரும் அவரின் பேத்தியைக் கலியாணம் கட்ட வரப்போவதில்லை.

மரியாதை மட்டுமில்லை, சட்டமும் இடத்தைப் பார்த்துத்தான் வேலை செய்கிறது. 1979இல் வந்த ஒரு மதுவரி அறிவித்தல், மதுபானம் விற்கிற இடங்களில் பெண்களுக்கு விற்பதைத் தடை செய்தது. அங்கே பெண்கள் வேலை செய்வதையும் தடுத்தது. 2018 ஜனவரியில் அப்போதைய நிதியமைச்சர் மங்கள சமரவீர அந்தத் தடையை நீக்கினார். சில நாட்களிலேயே ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன அதை மீளப்பெறச் சொன்னார். நாடு முழுக்கப் பேசிய விசயம் இது. ஆனால் நாங்கள் போன பாரில் எங்கட தோழிகளிடம் அதைப்பற்றி ஒருவரும் மூச்சுவிடவில்லை. கதிரையை இழுத்துவிட்டு, "மேடம்" என்றார்கள். ஊரில் அதே பெண் தவறணைப் பக்கம் எட்டிப் பார்த்தால் அடுத்தநாள் கோயில் வீதி முழுக்க அவள் கதைதான். ஆக, அந்தத் தடை காசில்லாத பெண்ணுக்கு மட்டும்தான் நினைவூட்டப்படுகிறது.

"அப்ப எல்லாரையும் குடிக்கச் சொல்லுறீங்களா?" என்று கேட்பீர்கள். இல்லை. குடியால் உடைந்த வீடுகள் எங்கட ஒழுங்கையிலேயே இருக்கு. கசிப்பு என்ன செய்யும் என்று மட்டக்களப்பில் ஒருவருக்கும் வகுப்பெடுக்கத் தேவையில்லை. 2017இல் கல்குடாப் பக்கம் கட்டப்பட்ட எத்தனால் தொழிற்சாலைக்கு எதிராக மாவட்டத்தில் எழுந்த குரலில் நியாயம் இருந்தது என்றுதான் நாங்கள் இப்போதும் நினைக்கிறோம். அன்றைக்குக் கள்ளுக் கொக்டெயிலைக் கண்டவளும் ஒரு சொட்டு மது குடிக்கவில்லை. தேசிக்காயும் நன்னாரியும் போட்ட பானம்தான் கேட்டாள். குடியை எதிர்ப்பது ஒன்று, குடிவகை செய்கிற ஏழையைக் கேவலமாகப் பார்ப்பது இன்னொன்று. எங்கட ஊர் இந்த இரண்டையும் ஒன்றாகக் குழைத்து வைத்திருக்கிறது. அதனால்தான் தவறணையில் 200 ரூபாய்க்குக் குடிக்கிறவர் குடிகாரர், கொழும்பில் பத்தாயிரத்துக்குக் குடிக்கிறவர் ரசனையுள்ளவர். இரண்டுபேரின் ஈரலுக்கும் இந்த வித்தியாசம் தெரியாது.

பார் நடத்துகிறவர்களிடம் நாங்கள் கேட்பது சின்ன விசயம்தான். 'உள்ளூர்' என்று எழுதினால் எந்த ஊர் என்றும் எழுதுங்கள். சீவுகிறவர் சம்மதித்தால் அவரின் பெயரையும் போடுங்கள். 3,500 ரூபாயில் அவருக்கு என்ன போகிறது என்று வாடிக்கையாளர் கேட்டால் சொல்லக்கூடிய மாதிரி வாங்குங்கள். எங்களைப் போன்ற வாசகர்களிடம் கேட்பது அதைவிடக் கடினம்: படத்தைப் பதிவேற்ற முன்னம், அந்தக் கள்ளை இறக்கினவரின் வீட்டில் ஒரு கோப்பை தேத்தண்ணி குடிக்க நாங்கள் தயாரா என்று ஒருக்கா யோசிப்போம்.

அவளின் அம்மப்பா இப்பவும் இருக்கிறார். கண் தெளிவில்லை, ஆனால் எந்தப் பாளை எப்போது பதம் என்று கேட்டால் விரலை மடக்கி மடக்கிச் சொல்லுவாராம். அடுத்த மாதம் நாலுபேரும் அவரிடம் போகிறோம். மரத்திலிருந்து முட்டிவரை அவருக்குத் தெரிந்த சொற்களை எல்லாம் எழுதிக்கொண்டு வருவோம். தேத்தண்ணியும் அங்கேதான். அம்மாவிடம் அவள் சொல்லிவிட்டாளாம்: "இனி ஆரும் கேட்டா, கள்ளுச் சீவினவர் எண்டே சொல்லப்போறன்."