கால்சியம் 11, பிடிஎச் 'நார்மல்'. அப்போ பிரச்சினை இல்லையா?

1/ சிறுநீரகக் கல் திரும்பத் திரும்ப வருது, எலும்பு தேய்ந்திருக்கு, எப்பவும் அசதி. ரத்தத்தில் கால்சியம் 11. பாராதைராய்டு சுரப்பியோட ஹார்மோன் பிடிஎச் 50. 'நார்மல்'னு ரிப்போர்ட். நம்பி வீட்டுக்குப் போயிடாதீங்க.

2/ கால்சியம் ஏறினா பிடிஎச் இறங்கணும். இறங்காம நடுவில் நின்னா, அதுவே சந்தேகப்பட வேண்டிய விஷயம்.

3/ கால்சியம், அல்புமின், பிடிஎச் மூணையும் ஒரே நேரத்துல எடுத்த ரத்தத்தில் பாருங்க. கூடவே வைட்டமின் டி, கிரியாட்டினின், 24 மணிநேர சிறுநீர்க் கால்சியம். லித்தியம், தையசைடு மாத்திரை சாப்பிட்டா டாக்டரிடம் சொல்லுங்க, நீங்களா நிறுத்தாதீங்க.

4/ முதல்லயே ஸ்கேனுக்கு ஓடாதீங்க. நோய் இருக்கான்னு சொல்றது ரத்தப் பரிசோதனைதான். ஆபரேஷனுக்கு முன்னாடி, கெட்ட சுரப்பி எங்கேன்னு தேடத்தான் ஸ்கேன்.

5/ சக டாக்டர்களே, ரெண்டு எண்ணையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க.