மெனிக்கின்னவில் கண் பார்க்க ஒரு மேசை: குண்டசாலைப் பிரதேச முதியோர் சங்கங்களின் கோரிக்கை மனு

பெறுநர்: மாகாண சுகாதார சேவைகள் பணிப்பாளர், மத்திய மாகாணம், கண்டி.
பிரதி: பிரதேச செயலாளர், குண்டசாலை; சுகாதார வைத்திய அதிகாரி, குண்டசாலை.

பொருள்: முதியோருக்கான கண் பரிசோதனை, கண்ணாடி, கண்புரைச் சிகிச்சைக்கான வசதிகளைப் பிரதேச மட்டத்துக்குக் கொண்டுவருதல்



அரிசியில் கல் பொறுக்க முடியவில்லை; ஊசியில் நூல் கோர்க்கப் பேரப்பிள்ளை வேண்டும்; மகியங்கனை வீதியில் பஸ் வந்து நின்றாலும் அது திகனைக்கா தெல்தெனியவுக்கா என்று பக்கத்தில் நிற்பவரைத்தான் கேட்க வேண்டும். குண்டசாலைப் பிரதேசத்தின் முதியோர் சங்கக் கூட்டங்களில் கண்ணைப் பற்றிய பேச்சு இப்படித்தான் தொடங்குகிறது. "வயசு போனா அப்படித்தான்" என்பதோடு முடிந்தும் விடுகிறது. அப்படி முடிய வேண்டியதில்லை என்பதாலேயே சங்கங்கள் இம்மனுவைச் சமர்ப்பிக்கின்றன.

2014ஆம் ஆண்டையொட்டி 40 வயதைக் கடந்தோரிடம் நடத்தப்பட்ட தேசிய ஆய்வு, அவர்களில் நூற்றுக்கு 1.7 பேர் பார்வையிழந்திருப்பதாகவும், அதில் மூன்றில் இரண்டு பங்குக்குக் கண்புரையே காரணம் என்றும் கூறியது. இந்த மாவட்டத்தின் கிராமங்களிலேயே 1,375 பேரைப் பரிசோதித்து 2009இல் வெளியான கண்டி கண் ஆய்வும் முதற்காரணமாகக் காட்டியது கண்புரையைத்தான். தேசிய ஆய்வில் அதிகம் பேசப்படாத ஒரு கணக்கும் உண்டு. முற்றாகப் பார்வை போகாமல் மங்கலோடு வாழ்பவர்களில், அரைவாசிக்கு மேற்பட்டோரின் குறை கண்ணாடி போட்டால் தீரக்கூடியது.

ஆகவே சங்கங்களின் முதற் கோரிக்கை சத்திரசிகிச்சைக் கூடம் அல்ல, கண்ணாடி. வெள்ளெழுத்து நாற்பதைத் தாண்டிய எவரையும் விடுவதில்லை. அசாமில் 40 வயதைக் கடந்த தேயிலைத் தொழிலாளர் 751 பேரிடம் நடந்து 2018இல் வெளியான ஆய்வில், கிட்டப் பார்வைக்கான சாதாரணக் கண்ணாடி பெற்றவர்கள், பெறாதவர்களைவிட ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கூடுதலாகக் கொழுந்து பறித்தார்கள். தோட்டத்தில் உழைத்த குடும்பங்கள் வாழும் பிரதேசத்தில் இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. கிராம உத்தியோகத்தர் பிரிவு தோறும் பார்வை அளந்து, 60 வயதைக் கடந்தோருக்கு இலவசமாகக் கண்ணாடி வழங்க வேண்டும்.

அடுத்தது தூரம். அரசாங்க வைத்தியசாலையில் கண்புரைச் சத்திரசிகிச்சைக்குக் கட்டணம் இல்லை. ஆனால் கிளினிக், வில்லைக்கான அளவு, சீனியும் பிரஷரும் பார்க்க ஒரு நாள், சத்திரசிகிச்சை, பிறகு மறுபரிசோதனைகள் என்று ஒரு கண்ணுக்காகக் கண்டிக்குப் பல தடவை போக வேண்டும். கூட்டிப்போகும் மகனுக்கோ மகளுக்கோ ஒவ்வொரு தடவையும் ஒரு நாள் கூலி போகிறது. மூன்றாம் தடவையில் பலர் நின்றுவிடுகிறார்கள். இதைச் சோம்பல் என்று எவரும் சொல்லக் கூடாது. சத்திரசிகிச்சை கண்டியிலேயே நடக்கட்டும். அதற்கு முன்னும் பின்னுமான பரிசோதனைகளை மெனிக்கின்ன வைத்தியசாலையில் செய்யலாம். பயிற்சி பெற்ற கண் தொழில்நுட்பவியலாளர் ஒருவர் வாரம் இரு நாள் அங்கு ஒரு மேசையில் இருந்தால் போதும்.

இது புதுமையான யோசனையல்ல. 1976இல் 11 படுக்கைகளுடன் மதுரையில் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, 2004 முதல் சிற்றூர்களில் பார்வை மையங்களை நடத்துகிறது. கண்ணைப் பரிசோதிப்பவர் அங்கேயே இருப்பார். நகரத்து வைத்தியர் இணைய வழியில் பார்த்து முடிவு சொல்வார். மெனிக்கின்ன மேசையில் கண்ணின் அழுத்தத்தையும் அளக்கலாம். பெரும்பாலும் அந்த அழுத்தம் கூடுவதோடு வரும் குளுக்கோமா என்ற கண்நோய், அநேகமாக வலியில்லாமல் பார்வையை ஓரத்திலிருந்து தின்றுகொண்டு வரும்; போன பார்வை திரும்பாது. சீனி வருத்தக்காரருக்கு வருடம் ஒரு தடவை விழித்திரை பார்ப்பதும் அங்கேயே நடக்கலாம்.

பயத்தையும் சொல்லியாக வேண்டும். 2023 ஏப்ரலில் நுவரெலியாவில் கண்புரைச் சத்திரசிகிச்சை செய்துகொண்டவர்களுக்கு, மாசடைந்த சொட்டு மருந்தால் கிருமி தொற்றிப் பார்வை பாதிக்கப்பட்ட செய்தி இங்குள்ள ஒவ்வொரு வீட்டுக்கும் வந்தது. அதற்குப் பிறகு "இருக்கிறது போதும்" என்று பின்வாங்கியவர்கள் உண்டு. வழங்கப்படும் சொட்டு மருந்தின் தரம் உறுதிசெய்யப்பட்டதா என்பதை அறிவித்தல் பலகையில் எழுதிவைப்பது பெரிய செலவல்ல. எந்த மருந்து, எத்தனை மணிக்கு, எந்தக் கண்ணுக்கு என்ற சிட்டையைத் தமிழிலும் தர வேண்டும். வாசிக்கத் தெரியாத மொழியில் வந்த சிட்டையைக் கடைக்காரரிடம் காட்டிக் கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

வைத்தியர் ஹட்சன் சில்வா 1961இல் ஆரம்பித்த கண்தான சங்கம், 1964இலேயே சிங்கப்பூருக்குக் கண்கள் அனுப்பியது. பிற நாட்டாருக்குப் பார்வை கொடுத்த இந்நாட்டில், சொந்த ஊர்ப் பாட்டிக்கு ஒரு வாசிப்புக் கண்ணாடி கிடைக்காதிருப்பது பொருந்தவில்லை.

2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தை நினைவூட்டி, ஒரு மாதத்துக்குள் பிரதேச செயலகத்தில் கலந்துரையாடலொன்றுக்குத் திகதி தருமாறு சங்கங்கள் வேண்டுகின்றன. பதில் கடிதத்தைச் சிங்களத்திலும் தமிழிலும், அங்கத்தவர்கள் தாங்களே வாசிக்கக்கூடிய பெரிய எழுத்தில் அனுப்பிவைக்கவும்.

இப்படிக்கு,
குண்டசாலைப் பிரதேச முதியோர் சங்கங்கள்