எந்தப் படம், எந்தக் கேள்விக்கு?

கிண்ணியாவில் எனக்கொரு நண்பர் இருந்தார். திருகோணமலைத் துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ‘பாதை’யில் ஏறித் துறையைக் கடந்து அவரைக் காணச் சென்ற காலமும் உண்டு; 2009இல் பாலம் வந்து அந்தச் சிரமம் நீங்கியது.

அறுபதைக் கடந்த அவருக்குத் திடீரென நீரிழிவு கண்டது. உடல் மெலிந்தது. மேல்வயிற்று வலி முதுகுவரை சென்றது. தனியார் நிலையமொன்றில் அல்ட்ராசவுண்ட் ஸ்கான் எடுத்து, ஆங்கில அறிக்கையை என்னிடம் கொண்டுவந்தார். ஈரல், பித்தப்பை, சிறுநீரகம் யாவும் நலம் என்றிருந்தது. “பயப்பட ஒன்றுமில்லை” என்றேன். நான்கு மாதங்கள் இரைப்பை அழற்சிக்கு மருந்து உண்டார். குடல்வாயு மறைத்ததால் கணையம் தெளிவாகத் தெரியவில்லை என்ற கடைசி வரியை நான் மேலோட்டமாகக் கடந்துவிட்டேன். அச்சுப்பிழை தேடியே ஆயுளைக் கழித்தவன் நான்.

கணையம் (எமது பாடநூல்களில் சதையி) இரைப்பைக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் உறுப்பு. ஒலியலை வாயுவை ஊடுருவாது. பித்தக்கல்லைக் காண அல்ட்ராசவுண்ட் மிகச் சிறந்தது. ஆனால் கணையத்தைப் பொறுத்தவரை ‘தெரியவில்லை’ என்பதை ‘நோய் இல்லை’ என்று கொள்ளலாகாது.

பின்னர் வைத்தியர், சாயமருந்து ஏற்றி எடுக்கும் சி.டி. ஸ்கானுக்கு எழுதிக் கொடுத்தார். கத்தாரிலிருந்து மகன் அழைத்தார்: “மாமா, காசப் பத்தி யோசிக்காதீங்க. வாப்பாவுக்கு எம்.ஆர்.ஐ.யே எடுக்கச் சொல்லுங்க.”

புலம்பெயர்ந்த பிள்ளைகளின் அன்பு பெரும்பாலும் இவ்வாறுதான் பேசுகிறது. ஆனால் விலை கூடியது திறன் கூடியது என்றாகாது. கணையக் குழாயையும் நீர்க்கட்டியையும் ஆராய எம்.ஆர்.ஐ. சிறந்தது. கட்டி அருகிலுள்ள இரத்தக் குழாய்களைப் பற்றியுள்ளதா, அறுவைச் சிகிச்சைக்கு இடமுண்டா என்ற கேள்விக்கு முதலில் வேண்டியது சி.டி. மிகச் சிறிய கட்டியைக் காணவும் அதிலிருந்து திசு எடுக்கவும் எண்டோஸ்கோப் வழியான அல்ட்ராசவுண்ட் உண்டு. பழைய எக்ஸ்ரேயையும் இகழ வேண்டாம். கேரளத்தில் வைத்தியர் கீவர்கீஸ் 1960களில் விரிவாகப் பதிவு செய்த வெப்பமண்டலக் கணைய நோயில், கணையக் கற்களைச் சாதாரண எக்ஸ்ரேயே காட்டியது.

திடீர்க் கணைய அழற்சியோ வேறு கதை. வலியும் இரத்தப் பரிசோதனையும் ஐயத்துக்கு இடமின்றிச் சொல்லிவிட்டால், முதல் நாளே சி.டி. பெரும்பாலும் தேவைப்படாது. திசு அழிவு மூன்று நான்கு நாட்களின் பின்னரே படத்தில் சரிவரத் தெரியும். ‘இன்னும் ஸ்கான் எடுக்கவில்லை’ என்று வைத்தியசாலை வாசலில் சண்டையிடுவோர் இதை அறிய வேண்டும்.

நண்பர் அடுத்த நோன்புப் பெருநாளைக் காணவில்லை. முன்னரே கண்டிருந்தால் பிழைத்திருப்பார் என்று சொல்ல எனக்குத் தகுதியில்லை. ஆனால் தமிழும் சிங்களமும் அரச கரும மொழிகளான நாட்டில், ‘இந்த உறுப்பைப் பார்க்க முடியவில்லை’ என்ற ஒரு வரியையேனும் நோயாளியின் மொழியில், அறிக்கையின் தலைப்பிலேயே எழுதினால் என்ன?