சவரிமுத்துவில் என்ன குறை?

திருமுழுக்குப் பதிவேட்டைத் திறக்கும்போதெல்லாம் நம் செவியில் விழும் வேண்டுகோள் ஒன்றுண்டு: “சாமி, தாத்தா பெயர் சவரிமுத்து, பிள்ளைக்குச் சேவியர் என்று எழுதுங்கள். அதுதானே சரியான பெயர்?”

எது சரியான பெயர்? 1506-இல் நவார் நாட்டில் பிறந்த அப்புனிதருக்குத் திருமுழுக்கில் இட்ட பெயர் பிரான்சிஸ். தந்தையார் ஹுவான் தே ஹாசோ. சவேரியார் என்பதோ அவர் பிறந்த கோட்டையின் பெயர். பாஸ்க் மொழியில் ‘புது வீடு’ என்று பொருள். வீட்டின் பெயர் குடும்பப்பெயராகி, 1622-இல் அவர் புனிதர் நிலைக்கு உயர்த்தப்பட்டபின் உலகெங்கும் குழந்தைகளின் பெயராகவும் பரவியது. அதற்கு வழிவிட்டது இலக்கணமன்று, மக்களின் பக்தி. 1542 முதல் அவர் உழைத்த முத்துக்குளித்துறையில் அதே பக்தி ‘முத்து’ சேர்த்து அழைத்தால் மட்டும் அது கொச்சையாகிவிடுமோ? 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின் 855-ஆம் பிரிவு, கிறிஸ்தவ உணர்வுக்கு அந்நியமான பெயரையே விலக்கச் சொல்கிறது. சவரிமுத்து யாருக்கு அந்நியம்?

வேடிக்கை என்னவெனில், கடவுச்சீட்டில் குடும்பப்பெயர் கேட்கும் கட்டத்தில் நம்மவர் தந்தை பெயரை எழுதுகின்றனர். வெளிநாடு சென்ற சவரிமுத்துவின் பேரப்பிள்ளைகளுக்கு அதுவே குடும்பப்பெயராக நிலைத்துவிடுகிறது. ஆங்கே கூசாமல் கையொப்பமிடும் பெயரை, ஈங்கே தொட்டிலில் இட ஏன் கூச வேண்டும்?