சொல்விளையாட்டு அன்று

“மருந்துக் காப்புரிமை வழக்குகள் வழக்கறிஞர்களின் சொல்விளையாட்டு, மொழியியலாளருக்கு அங்கே என்ன வேலை?” என்று ஒரு கருத்தரங்கில் மூத்த ஆய்வாளர் ஒருவர் கேட்டார். அவை சிரித்தது. நான் குடியிருப்பது ஜனக்புரியில். டெல்லி மாநிலப் புற்றுநோய் நிறுவனத்தின் மேற்குக் கிளை இங்கேதான் இருக்கிறது. அதன் வாயிலில் மருந்துச் சீட்டோடு நிற்பவர்களிடம் இந்த நகைச்சுவையைச் சொல்ல இயலுமா?

எலும்பு மஜ்ஜையில் தொடங்கும் நாள்பட்ட மைலாய்டு இரத்தப் புற்றுநோய்க்கு 2001இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற மருந்து இமாட்டினிப். பெரும்பாலோர் அதை ஆண்டுக்கணக்கில் உட்கொள்ள வேண்டும். வழக்கு நடந்த காலத்தில் நோவார்ட்டிஸ் நிறுவனத்தின் விலை மாதத்துக்கு ஏறத்தாழ 1,20,000 ரூபாயாக இருந்தது. இந்திய நிறுவனங்களின் விலை ஏறத்தாழ 8,000 முதல் 10,000 வரை இருந்தது.

இவ்விரு விலைகளுக்கும் நடுவே நின்றது ஒரு சொல்: பயன்திறன். அறியப்பட்ட பொருளின் புதிய வடிவம் பயன்திறனில் குறிப்பிடத்தக்க மேம்பாடு காட்டினாலன்றிக் காப்புரிமை இல்லை என்கிறது, 2005இல் திருத்தப்பட்ட சட்டத்தின் 3(டி) பிரிவு. சென்னைக் காப்புரிமை அலுவலகம் 2006இல் விண்ணப்பத்தை மறுத்தது. சொல் வரையறுக்கப்படவில்லை, எனவே பிரிவே செல்லாது என வாதிட்டது நிறுவனம். 2007இல் சென்னை உயர் நீதிமன்றம் மருத்துவ அகராதியைத் துணைக்கொண்டு, மருந்தியலில் அச்சொல் நோய் தீர்க்கும் ஆற்றலையே குறிக்கும் என்றது. 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றமும் அப்பொருளையே கொண்டது. மருந்து உடலில் 30 விழுக்காடு கூடுதலாகச் சேர்வது மட்டுமே அதற்குச் சான்றாகாது என்றது.

ஆய்வுச் செலவை யார் ஈடுகட்டுவது, நிறுவனம் பலருக்கு இலவசமாகவும் தந்ததே என்பார்கள். புதிய மூலக்கூறுக்குச் சட்டம் தடை சொல்லவில்லை. பழைய மூலக்கூறின் உப்பினது படிக வடிவத்துக்கே தடை சொன்னது. கொடை, கொடுப்பவர் மனம் மாறும்வரைதான். உரிமை அப்படியன்று.

வரையறுக்கப்படாத சொல் பொருளற்ற சொல் அன்று. வழக்கும் சூழலும் அதற்குப் பொருள் தருகின்றன. இது நம் துறையின் பாலபாடம். நீதிபதிகள் அதைக் கையாண்டார்கள், நாமோ சிரித்துக்கொண்டிருக்கிறோம். மருந்தின் நச்சுத்தன்மை குறைவதும் நோய் தீர்க்கும் ஆற்றலில் அடங்குமா என்ற வினாவை உச்ச நீதிமன்றம் அன்று முடிக்காமல் விட்டது. நாளைய மருந்தொன்றின் விலை அந்த விடையில் இருக்கலாம். அதைத் தேடுவது நம் வேலை இல்லையென்றால், வேறு எதுதான் நம் வேலை?