ஒரு புதுமைக்கு ஓர் உரிமை

உப்புவெளிக் கரையில் வளர்ந்தோர் யாவரும் வானொலிப் பெட்டியின் இரைச்சலை அறிவர். மழையற்ற மாதங்களிற் கடற்காற்றுக் கொணரும் உப்புத்துகள் மின்கம்பங்களிலுள்ள காவலிகளின்மேற் படிகின்றது. இரவிற் பனியீரம் பட்டதும் அவ்வுப்பு மின்னைக் கசியவிடுகின்றது. சிறு பொறிகள் தோன்றுகின்றன. பொறி ஒவ்வொன்றும் தானே ஓர் அலைபரப்பும் நிலையம்போலாகி, நாம் கேட்க விரும்பும் பாட்டையும் செய்தியையும் மூழ்கடித்துவிடுகின்றது. மாணவராயிருந்த காலத்தில் நாம் இதனைப் பெட்டியின் குற்றமென்றெண்ணிப் பெட்டியைத் தட்டினோம். குற்றம் பெட்டியிலன்று, வீதியோரத்துக் கம்பத்திலிருந்ததென்பதைப் பௌதிகம் கற்ற பின்னரே உணர்ந்தோம்.

ஆசிரியர் பெருமையையும் விளையாட்டுத் திடல் நினைவுகளையும் இவ்விழா மலரில் எழுத வல்லார் பலர் உளர். நாமோ அப்பழைய இரைச்சலினின்றும் பிறந்த ஒரு கேள்வியைக் கல்லூரியின் முன் வைக்க விரும்புகின்றோம். கம்பியில்லா அலைகளுக்கு நேரும் இடையூற்றைக் கண்டறியும் கருவியொன்றை நம் மாணவனொருவன் நாளை ஆக்குவானாயின், அப்புதுமைக்கு அவன் எத்தனை ஆக்கவுரிமை கேட்கலாம்? ஒன்றா, பலவா, அன்றி ஒன்றும் வேண்டாமா?

திருகோணமலைக்கு இஃது அயலான பொருளன்று. 1942ஆம் ஆண்டு ஏப்ரில் 9ஆம் நாள் யப்பானிய விமானங்கள் துறைமுகத்தைத் தாக்க வந்தபோது, அவற்றின் வரவை முன்கூட்டிக் காட்டியது இங்கு நிறுவப்பெற்றிருந்த றேடார் நிலையமேயாகும். அப்போர்க்காலத்தில் மாண்டோர் பலர் நிலாவெளி வீதியருகே உப்புவெளிப் போர்க் கல்லறைத் தோட்டத்தில் துயில்கின்றனர். ஜேர்மன் நாட்டு டொய்ச்ச வெல்ல வானொலியின் அஞ்சல் நிலையமும் 1980களிலிருந்து பல்லாண்டு திருகோணமலைப் பகுதியில் இயங்கிற்று. ஆழ்கடல் செல்லும் நம் மீனவரோ அலைகளை நம்பியே கரையோடு பேசுகின்றனர். ஆபத்தில் எழும் அழைப்பொன்று இரைச்சலில் மறைந்துவிடின் ஓர் இல்லத்தின் விளக்கே அணைந்துபோதல் கூடும். ஆகவே இரைச்சலின் ஊற்றைக் கண்டறிதல் நமக்கு வெறும் ஆய்வுகூட விளையாட்டன்று.

ஆக்கவுரிமை என்பதுதான் யாது? அஃது அரசு வழங்கும் பரிசன்று. ஊருக்கும் ஆக்கியோனுக்கும் இடையே நிகழும் ஓர் உடன்பாடு. ஆக்கியோன் தன் புதுமையின் மறைபொருளை எவரும் கற்றுச் செய்யத்தக்க தெளிவோடு எழுதி வெளியிடல் வேண்டும். அதற்கீடாகக் குறித்த காலம்வரை அவன் இசைவின்றிப் பிறர் அதனைச் செய்து விற்றலாகாது என்று சட்டம் காக்கின்றது. இலங்கையில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி அக்காலம் விண்ணப்பித்த நாள் முதல் 20 ஆண்டாகும். 20 ஆண்டு முடிந்த மறுநாள் அப்புதுமை ஊர்ப் பொதுச்சொத்தாகின்றது. அம்மறுநாளே உடன்பாட்டில் ஊரார்க்குரிய பங்கு என்பதை நாம் மறத்தலாகாது.

இவ்வுடன்பாட்டிற் பிழைக்கும் வழிகள் இரண்டு. ஒன்று, தனக்குரியதைக் கேளாதிருத்தல். மற்றையது, ஒன்றையே இருமுறை கேட்டல்.

முதலாவதற்கு நம்மவரான ஜகதீச சந்திர போஸ் சான்றாவார். கல்கத்தா மாநிலக் கல்லூரியிலே, 1894 முதல் 1896 வரை, சில மில்லிமீற்றர் நீளமேயுடைய மின்காந்த அலைகளைத் தோற்றுவித்துச் சோதனை புரிந்தவர் அவர். சுவருக்கு அப்பாலிருந்து அலையை அனுப்பி மணியை ஒலிக்கச் செய்து காட்டினார். இரும்பும் இரசமும் கொண்டமைந்த, தானே பழைய நிலைக்கு மீளும் உணர்கருவியொன்றை 1899ஆம் ஆண்டு இலண்டன் அரச கழகத்தில் விவரித்து வெளியிட்டார், உரிமை கேட்டிலர். 1901ஆம் ஆண்டு திசெம்பர் 12ஆம் நாள் மார்க்கோனி அத்திலாந்திக்கைக் கடந்து வந்த குறியைக் கேட்டபோது கையாண்ட உணர்கருவி அதனோடு மிக ஒத்ததென்பதும், அதன் மூலம் பற்றிய வழக்கு அறிஞரிடையே நீண்டதென்பதும் வரலாறு. போஸின் பெயரோ பாடநூல்களில் நெடுங்காலம் இடம்பெறவில்லை.

அறிவை விலைக்கு விற்றலாகாது என்பது அப்பெரியாரின் உள்ளம். ஆயினும், விவேகானந்த சுவாமிகளின் மாணவியரான நிவேதிதை அம்மையாரும் சாரா புல் அம்மையாரும் வற்புறுத்தியதனால், 1901ஆம் ஆண்டு செத்தெம்பர் 30ஆம் நாள் ஐக்கிய அமெரிக்காவில் ஒரு விண்ணப்பம் இடப்பட்டது. 1904ஆம் ஆண்டு மார்ச்சு 29ஆம் நாள் 755840ஆம் இலக்க உரிமை வழங்கப்பெற்றது. அதிற் பாதி சாரா புல் அம்மையாரின் பெயரிலே எழுதப்பட்டிருந்தது. அவ்வுரிமையின் தலைப்பைத் தமிழிற் கூறின், மின்குழப்பங்களை உணரும் கருவி என்பதாகும். ஈயச்சுரத்துப் பளிங்கொன்றின்மேல் மெல்லிய முனையொன்று தொட்டு நிற்க அலையை உணரும் அமைப்பு அது. பிற்காலத்துக் குறைகடத்திக் கருவிகளின் முன்னோடியென்று, திரான்சிஸ்தரை ஆக்கியோருள் ஒருவரான பிறாற்றெயின் தாமே 1955இல் இதனைப் போற்றினார். போஸ் இவ்வுரிமையால் பொருளீட்ட முயன்றிலர். எனினும், அவர் முதன்மைக்கு நாளும் இலக்கமும் பொறித்த அழியாச் சான்றாக இன்றளவும் நிற்பது அவ்வோர் ஏடேயன்றோ? வேண்டா என்று தள்ளிய ஒன்றே அவர் புகழைக் காத்தது.

இனி இரண்டாவது பிழைக்கு வருவோம். ஒரே புதுமைக்கு ஒருவரே இரண்டு உரிமை பெறுதலை இரட்டை ஆக்கவுரிமை என்பர். இருவர் தனித்தனியே ஒன்றை ஆக்கிவிட்டு யார் முந்தியோர் என்று வழக்கிடுதல் வேறு. அமெரிக்கர் அவ்வழக்கை, அலைக்கு நேரும் இடையூற்றைக் குறிக்கும் அதே 'இன்ரபியறன்ஸ்' என்னும் சொல்லாலேயே நெடுங்காலம் வழங்கினர். 2013ஆம் ஆண்டு மார்ச்சு 16ஆம் நாள் முதல் அங்கும் முந்தி விண்ணப்பித்தோர்க்கே முதன்மை என்னும் முறை வந்தமையால், புதிய விண்ணப்பங்களுக்கு அவ்வழக்கு இல்லையாயிற்று. இரட்டை ஆக்கவுரிமையில் எதிராளி இல்லை, ஒருவர் தம்மோடு தாமே போட்டியிடுகின்றார், தோற்பவர் ஊரார்.

தோற்பது எவ்வாறெனின், முதல் உரிமை முடியுமுன் சொல்லை மாற்றி அதே பொருளுக்கு இரண்டாம் உரிமை பெற்றவர், ஊருக்குரிய அம்மறுநாளைத் தள்ளிப்போடுகின்றார். இன்னொரு கேடும் உண்டு. இரண்டு உரிமையும் இரண்டு கைகளுக்கு விற்கப்படின், ஒருவருக்குப் பணம் செலுத்தி நேர்மையாகக் கருவி செய்தவனை மற்றவர் நீதிமன்றுக்கு இழுத்தல் கூடும். ஐக்கிய அமெரிக்காவின் உயர் நீதிமன்று 1894ஆம் ஆண்டிலேயே உழுபடைக் கருவியொன்றன் வில் பற்றிய வழக்கில், அதே புதுமைக்கு அவருக்கே அளிக்கப்பட்ட பிந்திய உரிமை செல்லாதென்று தீர்த்தது. முந்தியதினின்றும் எளிதிற் புலப்படும் சிறு மாற்றத்துக்கு மறுவுரிமை கேட்போர், இரண்டும் ஒரே நாளில் முடியவும் ஒருவர் கையிலேயே இருக்கவும் எழுத்தில் இசைதல் வேண்டும் என்னும் ஒழுங்கும் அங்குண்டு.

பாரத நாட்டுச் சட்டம் இதனினும் சுருக்கமாக, ஓர் உரிமை ஒரு புதுமைக்கே வழங்கப்படும் என்கின்றது. அங்கே டாபாகிளிப்புளொசின் என்னும் நீரிழிவு மருந்துக்கு ஒரே நிறுவனம் இரண்டு உரிமை பெற்றிருந்தது. 2020ஆம் ஆண்டு ஒற்றோபரில் முதலாவது முடிந்ததும் பிறர் அம்மருந்தை விற்கத் தொடங்கினர். நிறுவனம் இரண்டாவதைக் காட்டித் தடை கோரிற்று. ஒரு புதுமைக்கு ஓர் உரிமையே என்ற கருத்தை முன்வைத்துத் தில்லி மேல் நீதிமன்று அவ்வாண்டிலும், 2021இல் மேன்முறையீட்டிலும், இடைக்காலத் தடை வழங்க மறுத்தது. நாள்தோறும் மாத்திரை விழுங்கும் நோயாளர்க்கு இவ்வழக்கு வெறும் சொற்போர் அன்றென்பதை விளக்கவும் வேண்டுமோ?

அலையிடையூற்றைக் கண்டறியும் கருவிகளில் இச்சிக்கல் மிகுதியும் தோன்றும். என்னை? அத்தகைய கருவியின் உயிர் அதன் பெட்டியிலன்று, அது கேட்டு, ஒப்பிட்டு, முடிவு செய்யும் நெறியிலுள்ளது. நெறியொன்றைக் கருவியென்றும் எழுதலாம், செய்முறையென்றும் எழுதலாம், தொகுதியென்றும் எழுதலாம். சட்டை மூன்று, உடல் ஒன்று.

நம் உப்புவெளிக் கம்பத்தையே எடுத்துக்கொள்வோம். மின்னலால் எழும் இரைச்சல் ஒழுங்கின்றி வரும். படகு இயந்திரத்தின் தீப்பொறியால் எழுவது இயந்திர வேகத்தோடு கூடிக் குறையும். மின்கம்பத்துப் பொறியால் எழுவதோ, நம் நாட்டு ஆடலோட்டம் செக்கனுக்கு 50 வட்டமுடையதாதலின், பெரும்பாலும் செக்கனுக்கு 100 முறை திரண்டு வரும். இத்துடிப்புக்களை எண்ணி, இரைச்சல் எவ்வகையினதென்று கூறும் கருவியொன்றை மாணவனொருவன் ஆக்கினானென்று வைத்துக்கொள்வோம். அதற்கு அவன் ஓர் உரிமை கேட்டல் தகும். பின்னர், துடிப்புக்களை எண்ணி இரைச்சலைப் பிரித்தறியும் செய்முறை என்று மறுவிண்ணப்பம் இடுவானாயின், அது முன்னதன் நிழலேயாகும். அதே கருவியிற் சிவப்பு விளக்கொன்று பொருத்தினேன் என்பானாயின், அதனை எத்தொழிலறிந்தாரும் செய்வர். ஆனால், தூர நின்ற இரண்டு ஏரியல்களில் அத்துடிப்பு வந்தடையும் நேர வேறுபாட்டை அளந்து, பழுதுற்ற கம்பம் இன்னதென்று காட்டும் வழியொன்றை, முன்னோர் எவரும் காட்டாத வகையிற் காண்பானாயின், அது வேறு புதுமை. வேறு உரிமைக்கும் உரியது. பெயர் வேறா என்று பாராது, அறிவு வேறா என்று பார்த்தலே உரைகல்.

ஒரு விண்ணப்பத்தில் உண்மையாகவே இரண்டு புதுமைகள் கலந்து நிற்கின் யாது செய்வதெனச் சிலர் வினவலாம். அதற்குச் சட்டமே வழி வைத்துள்ளது. விண்ணப்பத்தைப் பிரித்து இரண்டாக்கலாம். பிரிந்ததும் தாய் விண்ணப்பத்தின் நாளையே பெறுமாதலின், இரண்டும் ஒரே நாளில் முடியும். இது நேர்மையான பிரிவு. காலத்தை நீட்டும் தந்திரமன்று.

நம் கருத்துக்கு மறுப்பும் உண்டு. பெரிய நிறுவனங்கள் ஒரு கருவியைச் சுற்றிப் பல உரிமைகளை வேலியாக நடும்போது, கிராமத்து மாணவன் மட்டும் ஒன்றோடு நிற்பது பேதைமையன்றோ என்பர். இம்மறுப்பிற் பொருளில்லையென்று நாம் கூறோம். எனினும், வேலிப்போரில் வெல்வது பணப்பையேயன்றி அறிவன்று. விண்ணப்பம் ஒவ்வொன்றுக்கும் கட்டணமும், உரிமையைக் காக்க ஆண்டுதோறும் கட்டணமும், வழக்கறிஞர் செலவும் உண்டு. இரண்டாவது வேலி பின்னர் நீதிமன்றிற் சாயின், அதற்கிட்ட பொருளெல்லாம் மண்ணாகும். எளியவனுக்குக் காவல் பல வேலிகளல்ல. தெளிவாகவும் முழுமையாகவும் எழுதப்பட்ட ஒரே வேலியாகும். இரட்டை உரிமையை மறுக்கும் சட்டம் அவனுக்குத் தடையன்று, அரண். ஏனெனில் வலியோர் தம் பழைய உரிமையைப் புதுப் பெயரால் நீட்டி அவன் பாதையை அடைப்பதையும் அதுவே தடுக்கின்றது.

ஆதலின் கல்லூரிக்கும் பழைய மாணவர் சங்கத்துக்கும் மூன்று வேண்டுகோள் விடுக்கின்றோம். முதலாவது, விஞ்ஞானக் கழகத்திற் சோதனைப் பதிவேடொன்று வேண்டும். மாணவர் தாம் செய்தவற்றை நாளிட்டுத் தாள் கிழிக்காது எழுதுக, ஆசிரியர் கையொப்பமிடுக. இரண்டாவது, கண்காட்சியில் வைத்துப் பாராட்டுப் பெறுமுன், இஃது உரிமைக்குரியதா என்று கேட்கும் வழக்கம் வேண்டும். சில நாடுகள் ஆக்கியோனே முன்னர் வெளியிட்டதைக் குறித்த காலம்வரை பொறுக்கும். பல நாடுகள் பொறா. மூன்றாவது, இவ்விழா நினைவாகச் சங்கம் ஒரு சிறு நிதியை ஒதுக்கி, தகுதியான புதுமை தோன்றுமிடத்து ஒரு விண்ணப்பத்தை, ஆம், ஒன்றையே, செவ்வனே எழுதுவித்து இடுவதற்கு உதவுதல் வேண்டும். அவ்விண்ணப்பத்தை எழுதப் பழகும் மாணவன், தான் அறிந்தது எது, முன்னோர் அறிந்தது எது என்று வரையறுக்கக் கற்பான். அவ்வரையறையே விஞ்ஞானக் கல்வியின் முதற் பயனாகும்.

உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பர் நம் முதியோர். உப்பு மிகுந்த பண்டமும் அவ்விடத்துக்கே செல்லும் என்பதை உப்புவெளியார்க்கு எவரும் சொல்ல வேண்டியதில்லை. உரியதைக் கேளாது விடுதலும், ஒன்றை இருமுறை கேட்டலும் அத்தகையனவே. நம் கல்லூரி மாணவர் தமக்குரியதை ஒருமுறை, தெளிவாக, தலைநிமிர்ந்து கேட்பாராக. காலம் முடிந்ததும் அதனை ஊருக்கு மனமுவந்து அளிப்பாராக.