பழைய கோவையும் புதிய பெயர்ப்பலகையும்

அரசாங்கத் திணைக்களங்களைப் பிரிப்பதா, இணைப்பதா, அமைச்சரின் நேரடிப் பொறுப்பில் வைப்பதா, தனி முகவரகமாக விலக்கி வைப்பதா என்ற விவாதம் இலண்டனில் ஓய்வதேயில்லை. நிர்வாக அதிகாரிகளும் ஆய்வாளர்களும் இதற்கென்றே கூடுகின்றனர். 1922 இல் தோன்றிய பொது நிர்வாக நிறுவகம், பின்னர் அரச அங்கீகாரமும் பெற்று, 1992 இல் நிதி நெருக்கடியால் மூடப்படும் வரை இத்தகைய கலந்துரையாடல்களுக்குக் களமாக விளங்கியது. 2008 இல் உருவான ‘இன்ஸ்ரிரியூட் ஃபோர் கவர்ண்மென்ற்’ என்னும் ஆய்வு நிறுவகம் இன்று அப்பணியைச் செய்து வருகின்றது.

அந்த மண்டபங்களில் பேசப்படுபவை நமக்குச் சம்பந்தமற்றவை என்று எண்ணிவிட வேண்டாம். குரொய்டனிலிருந்து வரும் கடிதத்தின் தலைப்பில் எந்தப் பெயர் அச்சாகின்றது என்பதும், உங்கள் கோவை எந்த நகரத்தின் எந்த அலுமாரியில் கிடக்கின்றது என்பதும் இத்தகைய விவாதங்களின் முடிவில் தீர்மானிக்கப்படுபவையே.

இக்கூட்டங்களில் சுயவிமர்சனம் இல்லாமலில்லை. 2010 இல் தேசிய கணக்காய்வு அலுவலகம் ஒரு கணக்கை வெளியிட்டது. 2005 மே முதல் 2009 ஜூன் வரை, பிரித்தானிய மத்திய அரசின் அமைப்புகளில் 90 இற்கும் மேற்பட்ட மறுசீரமைப்புகள் நடந்தேறின. ஒவ்வொன்றுக்கும் சராசரியாக 15 மில்லியன் பவுண் செலவாயிற்று. எதிர்பார்த்த பயன் கிட்டியதா என்று அளந்து பார்க்க முறையான ஏற்பாடு இருக்கவில்லை. நேர்மையான கணக்குத்தான். ஆனால் கணினி, கட்டடம், சம்பளச் சீராக்கம், புதிய கடிதத்தாள் ஆகியவற்றின் செலவே அதில் உண்டு. காத்திருந்தவனின் ஆண்டுகளுக்கு அதில் நிரல் இல்லை.

குரொய்டனையே எடுத்துக்கொள்வோம். உள்துறை அமைச்சின் குடிவரவு, குடியுரிமைப் பணியகம் 1996 இல் சீமென்ஸ் நிறுவனத்துடன் ஒப்பந்தம் செய்தது. காகிதக் கோவைகளுக்குப் பதிலாகக் கணினி வரும். அதனால் ஊழியர் தொகையைக் குறைக்கலாம். பழைய பிரிவுகளைக் கலைத்து எல்லா வகை விண்ணப்பங்களையும் ஒரே குழு கையாளலாம் என்பது திட்டம். கணினி 1998 ஒக்டோபரில் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஆனால் மற்றவை மட்டும் திட்டப்படி நடந்தன. அனுபவமிக்க அதிகாரிகள் வெளியேறினர், பிரிவுகள் கலைந்தன, அலுவலகம் இடம் மாறியது, கோவைகள் கைக்கெட்டாத இடங்களில் முடங்கின. தொலைபேசியை எடுப்பார் இல்லை. தீர்மானம் காத்திருந்த தஞ்ச விண்ணப்பங்கள் 1 இலட்சத்தைத் தாண்டின. அக்காலத்தில் லூனர் ஹவுஸ் வாசலில் விடியுமுன் வரிசையில் நின்ற நம்மவர்களுக்கு இதனை விளக்கிக் கூறத் தேவையில்லை.

நான் விரிவுரையாளனாயிருந்த காலத்தில் திணைக்களமொன்றின் அமைப்பைக் கரும்பலகையில் வரைவது மிக எளிது. சதுரங்கள், அவற்றை இணைக்கும் கோடுகள். எந்தக் கோவையில் எந்தக் கடிதம் விடுபட்டது என்பதை நினைவில் வைத்திருக்கும் எழுதுவினைஞருக்கு அவ்வரைபடத்தில் சதுரம் கிடையாது. மறுசீரமைப்பில் முதலில் தொலைவதோ அவருடைய நினைவுதான்.

2006 இல் அடுத்த புயல் வீசியது. நாடுகடத்துவது பற்றி ஆராயப்படாமலே ஆயிரத்துக்கும் மேற்பட்ட வெளிநாட்டுக் கைதிகள் விடுவிக்கப்பட்டமை வெளியாகி, உள்துறை அமைச்சர் சார்ள்ஸ் கிளார்க் பதவியிழந்தார். அடுத்து வந்த ஜோன் ரீட், குடிவரவு நிர்வாகம் அதன் பணிக்கே தகுதியற்ற நிலையில் உள்ளதெனப் பாராளுமன்றக் குழுவின் முன் கூறினார். 2007 ஏப்ரலில் எல்லை, குடிவரவு முகவரகம் பிறந்தது. ஓராண்டு நிறைந்ததும் அது ஐக்கிய இராச்சிய எல்லை முகவரகமாயிற்று. 2012 மார்ச்சில் எல்லைப் படை அதிலிருந்து பிரிந்தது. 2013 மார்ச் 26 அன்று தெரேசா மே எஞ்சியதையும் கலைப்பதாக அறிவித்தார். அதே நாளில், பெரும்பாலானோர் அதே இடத்தில் அதே வேலையையே தொடர்ந்து செய்வர் என்று அமைச்சின் நிரந்தரச் செயலாளர் ஊழியர்களுக்கு எழுதினார். பழைய கள், புதிய மொந்தை.

இதற்கிடையில் கோவைகளுக்கு நேர்ந்ததென்ன? தேங்கிக் கிடந்த 4 இலட்சம் முதல் 4½ இலட்சம் வரையான கோவைகளை ஐந்தாண்டுகளில் தீர்ப்பதாக 2006 இல் வாக்குறுதி தரப்பட்டது. 1 இலட்சத்து 60 ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு வதிவிட அனுமதி கிடைத்தது. எமது குடும்பங்கள் பலவும் அவற்றுள் அடங்கும். அதனை மறுத்தல் நியாயமன்று. ஆனால் 2011 இல் அப்பிரிவு மூடப்பட்டு, எஞ்சியவை லிவர்பூலிலுள்ள புதிய பிரிவொன்றின் பொறுப்பில் விடப்பட்டன. விண்ணப்பதாரரைக் கண்டறிய முடியவில்லை எனக் கூறி ஏறத்தாழ 1 இலட்சத்து 24 ஆயிரம் கோவைகள் ‘காப்பகத்தில்’ வைக்கப்பட்டன. 2012 நவம்பரில் சுதந்திரத் தலைமைப் பரிசோதகர் ஜோன் வைன் தம் அறிக்கையில் பதிவுசெய்தது இது: அவ்வாண்டு ஜனவரியில் லிவர்பூல் அறையொன்றில் 150 இற்கும் மேற்பட்ட தபால் பெட்டிகள் திறக்கப்படாமலே கிடந்தன. விண்ணப்பதாரரும் சட்டத்தரணிகளும் பாராளுமன்ற உறுப்பினர்களும் எழுதிய கடிதங்கள் அவற்றுள் இருந்தன. ஆளைக் காணவில்லை என்றனர். ஆள் எழுதிய கடிதமோ அவர்களிடமே இருந்தது!

மறுசீரமைப்பு என்றாலே தீமை என்பது என் வாதமன்று. 1988 இன் ‘நெக்ஸ்ற் ஸ்ரெப்ஸ்’ அறிக்கையைத் தொடர்ந்து பரவிய தனி முகவரக முறையில், தவறு நேர்ந்தால் அமைச்சர் முகவரகத்தையும் முகவரகம் அமைச்சரையும் கைகாட்ட வழியிருந்தது. 2013 இன் மாற்றம் பொறுப்பை அமைச்சரின் மேசைக்கு மீட்டது. அவ்வளவில் அது சரியானதே. எமது நாட்டிலும் 1992 இன் சட்டத்தால் உதவி அரசாங்க அதிபர் பணிமனைகள் பிரதேச செயலகங்களாயின. கச்சேரிக்கு அலைந்த சில அலுவல்கள் ஊருக்கு அருகில் வந்தன. ஒரு மாற்றம் குடிமகனின் நடையைக் குறைத்ததா, கூட்டியதா என்றே நான் முதலில் கேட்பேன்.

இலண்டன் கலந்துரையாடல்களில் மூன்றாவதாக ஒரு தரப்புக்கும் இடம் வேண்டும். விண்ணப்பதாரருக்காக வழக்காடும் சட்டத்தரணிகள், அகதிகள் நல அமைப்பினர், வாசலில் காத்துநின்ற ஒருவர். பிரிவொன்று மூடப்படுமுன் அதிலுள்ள ஒவ்வொரு கோவையும் எங்கே, யார் பொறுப்பில் செல்கின்றது என்று விண்ணப்பதாரருக்கு எழுத்தில் அறிவிக்கப்பட வேண்டும் என அவர்கள் கேட்பர். 15 மில்லியன் பவுணில் தபால் முத்திரைக்கு இடமில்லாமற் போகாது.

2022 டிசம்பரில் ‘பழைய தேக்கம்’ என்ற சொல் அரசாங்கத்தின் வாயில் மீண்டும் ஒலித்தது. அவ்வாண்டு ஜூன் 28 இற்கு முன்னர் பதிவான, ஏறத்தாழ 92 ஆயிரம் விண்ணப்பங்களை ஓராண்டுக்குள் தீர்ப்பதாகப் பிரதமர் ரிஷி சுனக் அறிவித்தார். 2024 ஜனவரி தொடக்கத்தில் தேக்கம் தீர்ந்துவிட்டதென அரசாங்கம் கூறியபோது, சுமார் 4,500 விண்ணப்பங்கள் தீர்மானமின்றியே இருந்தன. அவை ‘சிக்கலானவை’ என வேறொரு பெயரில் தனியே வைக்கப்பட்டிருந்தன.